ஸ்டெல்லா இல்லாத வரையறை

ஆல்வின்,

ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால் உனக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் முகத்தில் சிரிப்பையே பார்க்கவில்லை. சாப்பிட வாடா என்றால் "அப்புறம் மா" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. நீ வீட்டில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் தஞ்சோங் பகாரில், அலுவலகத்துக்குக் கீழே உள்ள பெஞ்சில், மதியத்துக்கு வாங்கிய நாசி பாடாங் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் வாதாட ஆரம்பித்துவிடுவேன். ஒப்பந்தப் பிரிவில் இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு வரும் வியாதி அது. எந்தத் தப்புக்கும் பின்னால் "எனினும்" என்று ஒரு வாக்கியத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளத் தெரியும். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நீ படித்து முடித்ததும் நம் கோயில் இளையோர் குழுவுக்கும் இதை அனுப்பிவிடுவேன். ஸ்டெல்லாவுக்கு நான் செய்தது குழு முழுக்கப் பார்த்திருக்க வெளியே வந்தது. மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கேட்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "அனுப்புங்க ஆன்ட்டி. ஆனா என்னைப் பாவம் பாவம்னு எழுதாதீங்க லா, எனக்குப் பிடிக்காது" என்றாள். முயற்சி செய்கிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். லிட்டில் இந்தியா பக்கம் உள்ள நம் கோயிலில் பாட்டுப் புத்தகங்களுக்குப் பதிலாகத் திரை வந்தது. ஆங்கிலப் பூசைக்கு அது அழகாக வேலை செய்தது. தமிழ்ப் பூசை என்றால் ஒரே கூத்து. கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும், வரி முடியும் இடத்தில் சொல்லை நடுவில் வெட்டிவிடும். ஒரு ஞாயிறு "கைவிடா" என்று ஒரு திரையிலும் "தேயும்" என்று அடுத்த திரையிலும் வந்தது. பாதிப் பேர் "கைவிடா" என்று நிறுத்திவிட, மீதிப் பேர் திரை மாறியதும் "தேயும்" என்று தனியாக இழுத்தார்கள். உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாய். உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் பெருமைகளில் அது பெரியது, இன்றைக்கும்.

எழுத்துகள் உடையாமல் திரையில் வரச் செய்தது நீ. குழுவில் இருந்த இன்னும் இரண்டு பையன்கள் உனக்குக் கைகொடுத்தார்கள். ஆனால் வரியை எங்கே மடக்குவது என்று உங்கள் மூவருக்குமே தெரியவில்லை. எழுத்துகளை எண்ணி, இத்தனைக்கு மேல் போனால் அடுத்த வரி என்று வைத்திருந்தீர்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது, பாட முடியவில்லை. பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லாதான் ஒரு நாள் உன் பின்னால் வந்து நின்று, "எழுத்தை எண்ணாதடா, மூச்சைப் பாரு. நாங்க எங்க மூச்சு விடுறோமோ அங்கதான் வரி உடையணும்" என்றாள். உன் மென்பொருளின் உயிரே அதுதான் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே, அவள் ஒவ்வொரு பாட்டாகப் பாடிப் பார்த்து, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை எதிலிருந்து பிரிக்கக் கூடாது என்று விதி விதியாக உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவாள். எழுத நேரமில்லாத நாளில் பேருந்தில் உட்கார்ந்தபடியே மெல்லப் பாடிக் குரல்பதிவு அனுப்புவாள். நீ அவள் எழுதியதை அப்படியே எடுத்து நிரலுக்குள் வைத்து, நிரலைச் சேமிக்கும் இணையதளத்தில் உன் கணக்கிலிருந்து ஏற்றுவாய். அவளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. வேண்டும் என்று உங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. பூசை முடிந்து எல்லாரும் தேக்கா சந்தைக்குத் தேநீர் குடிக்கப் போகும்போது, நீங்கள் இருவர் மட்டும் காலியான கோயிலில் திரையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று கத்தியது நான்தான். ஆகையால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தீர்கள். மற்றக் கோயில்கள் எடுத்துக்கொண்டன, ஒரு பஜனைக் குழு எடுத்துக்கொண்டது, சில தமிழ் வகுப்புகளிலும் ஓடியது. இந்த வருடத் தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதைத் தன் திரை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ள விரும்பியது. உனக்கு அங்கே வேலையும் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, பங்களித்த ஒவ்வொருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மாதிரியை அனுப்பி, உங்கள் குழுவுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டிலேயே இதைப் பிழைப்பாக வைத்திருக்கும் ஒருத்தி இருக்கிறாளே, அது நேராக என் மேசைக்கு வந்தது.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் கையில் வந்தால் எல்லாரும் கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். விஷயம் இருப்பது முதல் பக்கத்தில், வரையறைகளில். பங்களிப்பு என்றால் என்ன என்று அங்கே சொல்லிவிட்டால், பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லைத் தொடர்ந்து ஆட்டுக்குட்டி மாதிரி போகும். மாதிரியில் இருந்த வரையறை அகலமானது. ஏற்றிய நிரல் மட்டுமல்ல, மென்பொருளை மேம்படுத்த வேண்டும் என்று அறிந்தே அனுப்பிய எதுவும் பங்களிப்புதான். மின்னஞ்சலாக இருக்கலாம், குறிப்பாக இருக்கலாம், வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். இது பங்களிப்பு அல்ல என்று அனுப்பியவரே வெளிப்படையாகக் குறித்திருந்தால்தான் விலக்கு. இந்த அகலம் ஒன்றும் தர்மத்துக்காக வைத்ததல்ல. யார் எதைக் கொடுத்திருந்தாலும் நிறுவனம் அதைத் தடையில்லாமல் பயன்படுத்த வேண்டும், நாளைக்கு ஒருவர் வந்து இது என்னுடையது என்று நிற்கக் கூடாது, அதற்காக வைத்தது. அந்த வரையறையில் சேர்வது என்றால் தன் உரிமையைக் கொடுப்பது என்று அர்த்தம். ஆனால் கொடுத்தவர் என்று பெயரும் அங்கேதான் வரும். அந்த வரையறையை அப்படியே விட்டிருந்தால், உன் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் பெயர் வந்திருக்கும்.

நான் அந்த நீண்ட வாக்கியத்தை எடுத்துவிட்டு, "பங்களிப்பு என்பது ஒருவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஏற்றிய நிரல்" என்று எழுதினேன். பளிச்சென்று இருந்தது. அலுவலகத்தில் யாராவது பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். உன்னிடம் என்ன காரணம் சொன்னேன்? நம் ஆட்கள் நீளமான ஒப்பந்தத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்றேன். பாட்டில் பிழை பார்த்துச் சொன்ன ஆன்ட்டிகளை எல்லாம் கையெழுத்துக்கு இழுக்க வேண்டாம் என்றேன். ஸ்டெல்லா தன் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, அவளுக்கும் அது நல்லதுதானே என்றுகூடச் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது, அப்போது அதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. நிறுவனம் ஒருவரைத்தான் வேலைக்கு எடுக்கப் போகிறது. அவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தது அந்த மூச்சு விதியை. அது யார் கண்டுபிடித்தது என்ற கேள்வி வராமல் இருந்தால் நல்லது என்று உன் அம்மா நினைத்தாள்.

இன்னொன்றும் கலந்திருந்தது. "ஸ்டெல்லா நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, அவகிட்ட என்ன பேப்பர்" என்று எனக்குள்ளே ஒரு குரல் இயல்பாகச் சொன்னது. இது எனக்குப் பழகிய குரல். வெளியாள் என்றால் ஒவ்வொன்றையும் எழுத்தில் வைப்பேன், நம் ஆள் என்றால் வாய்ச்சொல்லில்கூட வைக்கமாட்டேன். உனக்கு நினைவிருக்கும், நீ ஆறாம் வகுப்பில் எழுதிய பிஎஸ்எல்இ தேர்வின் முடிவு வந்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் பிரியாணி போட்டோம். நான் எழுந்து நின்று உன் வகுப்பாசிரியருக்கு நன்றி சொன்னேன், டியூஷன் டீச்சருக்கு நன்றி சொன்னேன். நான் வேலை முடிந்து வரும்வரை தினமும் உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சோறு ஊட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்த ரோஸ் சித்தி அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பெயரை நான் சொல்லவே இல்லை. பிறகு உன் அப்பா சுட்டிக்காட்டியபோது, "ரோஸ் என் தங்கச்சி, அவளுக்கு எதுக்குத் தேங்க்ஸ்" என்று சிரித்தேன். ரோஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. நெருங்கியவர்களை நாம் இப்படித்தான் மரியாதையில்லாமல் நேசிக்கிறோம், ஆல்வின். உனக்கு ஒரு குடும்பம் வரும்போது இதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடாதே.

திருத்திய ஒப்பந்தம் போனதும் நிறுவனத்தின் வழக்கறிஞர் அம்மா ஒருவர் வீடியோவில் என்னோடு பேசினார். முடிக்கும் முன்னால், பட்டியலில் இருக்கும் மூவரைத் தவிர வேறு யாருடைய வேலையாவது மென்பொருளுக்குள் இருக்கிறதா என்று கேட்டார். சாதாரணக் கேள்வி, நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் இல்லை என்றேன். வரையறைப்படி அது பொய் அல்ல. வரையறையை எழுதியதே நான்தானே.

பிறகு நீ கையெழுத்திட்டாய். சாப்பாட்டு மேசையில், இடது கையில் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க மா போடணும்" என்று கேட்டாய். "அம்மா பார்த்துட்டேன், போடுடா" என்றேன். நீ படிக்காமல் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. என் பங்களிப்புகள் அனைத்தும் என் சொந்த ஆக்கம் என்று உறுதி கூறுகிறேன் என்பது அது. ஸ்டெல்லாவின் விதிகள் உன் கணக்கிலிருந்து ஏறியவை, ஆகவே என் வரையறைப்படி அவை உன் பங்களிப்புகள், ஆகவே உன் சொந்த ஆக்கம். நான் ஒரு சொல்லைச் சுருக்கினேன், அது உன் கையாலேயே ஒரு பொய்யை எழுத வைத்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பெரியது. உன்னிடம் கேட்க வேண்டியது அதற்குக் குறைந்ததல்ல. நீ படிக்காமல் போட்டது அலட்சியத்தால் இல்லை, அம்மாவை நம்பியதால்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் உனக்கு வழியனுப்பு விழா. கேக் வெட்டினார்கள். குழுத் தலைவர் ஒப்பந்தத்தில் இருந்தபடியே பங்களிப்பாளர்கள் என்று மூன்று பெயர்களை வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள், ஸ்டெல்லாவும் தட்டினாள். அப்புறம் காகிதத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். "ஆன்ட்டி, நான் செஞ்சதுக்கு உங்க பேப்பர்ல என்ன பேரு?" "அது... ஹெல்ப் மா. ஹெல்ப் பண்ணின" என்றேன். "ஓ. ஹெல்ப்" என்றாள். கேக்கைத் தொடாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீ எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாய்.

வீட்டில் நாம் போட்ட சண்டையை எழுதத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "நீதானே மா பார்த்துட்டேன்னு சொன்ன" என்றாய். "நீயும் அவ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த, உனக்குத் தெரியாதா" என்று நானும் விடவில்லை. உன் அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "ரெண்டு பேருமே கெட்டிக்காரங்க லா. அந்தப் பொண்ணு ஒருத்திதான் இளிச்சவாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனதும் அந்த வழக்கறிஞரைக் கூப்பிட்டு, நான் சொன்ன பதில் தவறு, நான்காவதாக ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: ஸ்டெல்லா எழுதியது உங்கள் ஒப்பந்தத்தில் பங்களிப்பு இல்லை என்றால், அவர் எங்களுக்கு எந்த அனுமதியும் தரவில்லை என்று ஆகிறது. அவர் எழுதியது உள்ளே இருக்கிறது. அவர் கையெழுத்திடும்வரை மென்பொருளையும் எடுக்க முடியாது, உங்கள் மகன் வேலையில் சேர்வதும் நிற்கும். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளை வெளியே நிறுத்தினேன். வெளியே நின்றதாலேயே உன் பயணம் இப்போது அவள் கையில் இருக்கிறது. அந்த அழைப்பைச் செய்வதற்கு முன் நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாயோ என்று பயந்தேன். மறுபடியும் உனக்காக நானே முடிவெடுத்துவிட்டேன், அதற்கும் என்னை மன்னி. இந்த இடத்தில் நீ எழுந்து போய்விடலாம். போனால் திரும்பி வந்து மீதியைப் படி.

நேற்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுச் சாங்கிக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வேலைச் சட்டையோடு வந்தாள். ஊழியர் கேண்டீனில் இரண்டு தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எடுத்துவிட்ட வாக்கியத்தைத் திரும்பப் போட்டு, உன் பெயருக்கு முன்னால் அவள் பெயரை வைத்து எழுதித் தருகிறேன் என்றேன். அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் பேரு கேட்கல ஆன்ட்டி. நீங்க அம்மா, உங்க புள்ளைக்குப் பார்த்தீங்க, எனக்குப் புரியுது. ஆனா அவன் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். மூணு பேரு வாசிச்சப்ப கை தட்டினான். அவனுக்குமா தெரியல?"

உனக்காகப் பதில் சொல்லிப் பழகிய வாய்தான், இருந்தும் சொல்லவில்லை.

"நான் சைன் பண்ணலைன்னா அவன் போக முடியாது, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவன் வந்து கேட்கட்டும். நீங்க வராதீங்க ஆன்ட்டி. பேப்பரும் நீங்க எழுத வேணாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை அவளுக்கு வேலை இல்லை, பொத்தோங் பாசிரில் வீட்டில் இருப்பாள். போ. காகிதம் எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதே. முதலில் அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல். என்ன பதில் என்று நான் சொல்லித்தர மாட்டேன், எனக்குத் தெரியவும் தெரியாது. காலியான கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீதான். அவள் கையெழுத்திட்டாலும் இடலாம், இடாமல் போனாலும் போகலாம். அது அவளுடையது, கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. அவள் முடியாது என்று சொன்னால் இந்த வேலை உனக்கு இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் உனக்குக் கோபம் பொங்கும். அதில் ஒரு துளிகூட அந்தப் பெண் மேல் சிந்திவிடாதே. முழுவதையும் என்னிடம் கொண்டு வா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா